பாலத்தால் பெயர் பெற்ற பட்டணம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார். "நீரிழிவு, கொலஸ்ரரோல், மாதவிடாய் நிற்கும் காலம், இந்த மூன்றையும் தவிர என்னத்தையும் பேசுங்கோ" என்றார். வைத்தியரை மேடைக்கு அழைத்தால் கடைசியில் எல்லோரும் சீனி போடாத தேத்தண்ணீரோடு வீட்டுக்குப் போகவேண்டி வருகிறது என்பது அவருடைய அனுபவம். ஆகவே இன்று ஒரு பயணக் கதை சொல்லப் போகிறேன். சென்ற ஒக்டோபரில், எங்கள் துறை மாநாடு ஒன்றுக்காக ஒஸ்ரியா நாட்டின் இன்ஸ்புருக் நகரத்துக்குப் போனேன். மாநாடு மூன்று நாள். அதோடு இன்னும் நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டேன். சுவிற்சர்லாந்தில் இருபது வருடத்துக்கு மேலாக வாழும் என் வகுப்புத் தோழி ஒருத்தி சூரிச்சிலிருந்து ரயிலேறி வந்து என்னோடு தங்கினாள். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. இங்கே இருக்கிற பலருக்கு அவளைத் தெரியும். பெயர் சொல்லவேண்டாம் என்றும், கதையைச் சொல்லலாம் என்றும் அனுமதி தந்திருக்கிறாள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இன் என்பது ஆறு. புருக் என்றால் பாலம். இன் ஆற்றுப் பாலம் என்பதுதான் நகரத்தின் பெயர். கடல் மட்டத்திலிருந்து 574 மீற்றர் உயரத்தில், கிழக்கு மேற்காக ஓடும் ஒரு பள்ளத்தாக்கில், வடக்கிலும் தெற்கிலும் மலைச் சுவர்களுக்கு நடுவே கிடக்கிறது. சனத்தொகை சுமார் ஒரு இலட்சத்து முப்பதாயிரம். தீரோல் மாநிலத்தின் தலைநகரம் அதுதான். சுவிற்சர்லாந்தில் பிறக்கும் அந்த ஆறு 517 கிலோமீற்றர் ஓடி ஜேர்மனியின் பசாவ் நகரில் டானியூப்போடு சேர்கிறது. நீர் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பனிப்பாறைகள் கல்லை அரைத்த மாவு கலந்து, பாலில் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல ஓடுகிறது. எங்கள் வாவியைப்போல அசையாமல் நிற்கிற தண்ணீரையே பார்த்து வளர்ந்த எனக்கு, பாலத்தின் நடுவில் நின்று அந்த வேகத்தைப் பார்க்கத் தலை சுற்றியது. "கல்லடிப் பாலத்தில நிண்டா மீன் பாடும். இதில நிண்டா மீன் அழும், இந்தக் குளிருக்கு" என்றாள் தோழி.

பழைய நகரப் பகுதி மிகச் சிறியது. பத்து நிமிடத்தில் குறுக்கே நடந்துவிடலாம். எல்லோரும் படம் எடுக்கிற இடம் தங்கக் கூரை. முதலாம் மக்சிமிலியன் பேரரசனுக்காக 1500ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த ஒரு மாடம் அது. அதன் கூரையில் 2,657 செப்போடுகள், நெருப்பில் பொன்முலாம் பூசப்பட்டவை. கீழே சதுக்கத்தில் நடக்கும் கூத்துகளையும் போட்டிகளையும் அரச குடும்பம் இருந்து பார்ப்பதற்காகக் கட்டியது. அதிலுள்ள சிற்பத்தில் அரசன் தன் இரண்டு மனைவிமாரோடும் இருக்கிறான். முதல் மனைவி குதிரையிலிருந்து விழுந்து இறந்து அப்போது பதினெட்டு வருடம். இரண்டாம் மனைவி உயிரோடு இருந்தவள். அவளுக்கு அந்தச் சிற்பம் எப்படி இருந்திருக்கும் என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

இந்தக் கூரையை அவனுக்கு இரண்டு தலைமுறை முன்னர் "காலிப்பைக்காரன்" என்று பட்டப்பெயர் பெற்ற பிரடெரிக் பிரபு, தான் ஏழை இல்லை என்று காட்டக் கட்டினான் என்று ஒரு கதை உண்டு. அது வெறும் கதை. ஆனால் பை காலியாக இருந்தது மக்சிமிலியனுக்கும்தான். கடைசிக் காலத்தில், 1518இல், அவன் இன்ஸ்புருக்குக்கு வந்தபோது பழைய கடனைத் தீர்க்காததால் சத்திரக்காரர் அவனுடைய ஆட்களையும் குதிரைகளையும் ஏற்க மறுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த ஊரைவிட்டுப் போனவன் 1519 ஜனவரியில் வெல்ஸ் என்ற இடத்தில் இறந்துபோனான். தலைக்கு மேலே பொன் ஓடு, கணக்குப் புத்தகத்தில் கடன். எங்கள் சங்கத்தின் பொருளாளர் இதைக் கவனிப்பாராக.

இன்னொரு கட்டடத்தை மட்டும் சொல்லிவிட்டு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மரியா தெரேசா வீதியின் தென்முனையில் ஒரு வெற்றி வளைவு நிற்கிறது. 1765இல் மரியா தெரேசா மகாராணியின் மகன் லியோபோல்டின் திருமணத்துக்காக எழுப்பியது. கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் தகப்பன், மகாராணியின் கணவர், திடீரென்று இறந்துபோனார். அதனால் அந்த வளைவின் ஒரு பக்கம் கலியாணச் சிற்பம், மறுபக்கம் செத்தவீட்டுச் சிற்பம். ஊருக்குள் வருகிறவர்களுக்குக் கலியாணம் தெரியும், ஊருக்குள்ளிருந்து பார்க்கிறவர்களுக்குத் துக்கம் தெரியும். அவர் அதன் பிறகு 15 வருடம் வாழ்ந்தார், கறுப்புடுப்பை மாற்றவே இல்லை. ஒரே வாசலில் இரண்டையும் வைத்த அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருந்தது. எங்களுடைய வீடுகளில் என்றால் பந்தலைப் பிரித்துவிட்டு வேறு பந்தல் போட்டிருப்போம்.

இனி அரசவைத் தேவாலயம். ஹோஃப்கிர்ஹே என்பார்கள். நாட்டார் கலை அருங்காட்சியகத்தின் வழியாக உள்ளே போகவேண்டும். உள்ளே போனதும் கண்ணுக்குப் படுவது பீடம் அல்ல. நடுவிலே ஒரு பெரிய கல்லறை. அதன் இரு புறமும், ஆளைவிடப் பெரிய, கரிய வெண்கலச் சிலைகள் 28. அரசர், அரசியர், முன்னோர், கதைகளில் மட்டும் வாழ்ந்த ஆர்தர் அரசன்கூட அங்கே நிற்கிறான். அந்த ஆர்தரையும் தியோடோரிக்கையும் வரைந்து கொடுத்தவர் ஆல்பிரெஃக்ட் டூரர். வார்த்தது நூரம்பேர்க்கில். ஊர்ச்சனம் இச்சிலைகளைக் "கறுப்பு ஆம்பிளைகள்" என்றுதான் கூப்பிடுகிறது. அதில் எட்டுப் பேர் பெண்கள். நாங்கள் இருவரும் எண்ணிப் பார்த்தோம். பெண்கள் பாடசாலையில் படித்தவர்களுக்கு இந்த எண்ணிக்கைப் பழக்கம் போகாது.

இந்த வேலை 1502இல் தொடங்கி 1584இல்தான் முடிந்தது. மக்சிமிலியன் தன் சமாதிக்கென்று உயிரோடு இருக்கும்போதே திட்டமிட்டது. 40 பெரிய சிலைகள் என்று நினைத்தான், 28தான் ஆனது. அவனுடைய பேரன் முதலாம் பேர்டினாண்ட் இந்தத் தேவாலயத்தையே இந்தச் சிலைகளை வைப்பதற்காகக் கட்டினான். கல்லறையைச் சுற்றி அரசனின் வாழ்க்கையைச் சொல்லும் 24 பளிங்குச் செதுக்கல்கள். ஒவ்வொன்றிலும் விரல்நகம் அளவில் வீரர்களின் முகங்கள். மேலே அரசன் முழந்தாளிட்டுக் கும்பிட்டபடி இருக்கிறான். சிலைகளில் பலவற்றின் ஒரு கை, எதையோ பிடிப்பதுபோல மடங்கி, வெறுமையாக இருக்கிறது. மெழுகுதிரி பிடிப்பதற்காக அப்படி வார்த்தார்கள். அதாவது இந்த 28 பேரும் சவ ஊர்வலத்தில் நிற்கிறார்கள். ஐந்நூறு வருடமாகச் செத்தவீட்டில் நிற்கிறார்கள்.

ஆனால் கல்லறைக்குள்ளே ஒருவரும் இல்லை. மக்சிமிலியனைப் புதைத்தது வியன்னாவுக்குத் தெற்கே வீனர் நொய்ஸ்ராட் என்ற ஊரில். இன்றும் அங்கேதான் கிடக்கிறான். கடைசி வருடங்களில் தன் சவப்பெட்டியைக் கூடவே கொண்டு திரிந்த மனிதனுக்கு, தான் திட்டமிட்ட சமாதி மட்டும் கிடைக்கவில்லை.

வழிகாட்டும் கருவி இதை என் காதில் சொல்லி முடித்தபோது தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இரும்புக் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இங்கே உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1990இல் நாங்கள் ஆறாம் வகுப்பு. அந்த வருடம் அவளுடைய பெரிய அண்ணன் வீட்டிலிருந்து போனார், திரும்பி வரவில்லை. பத்தொன்பது வயது. அதற்குமேல் அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. தகப்பனார் சாகுமுன், மகனுக்குக் கிரியை செய்துவிட்டுத்தான் தன்னை எடுக்கவேண்டும் என்று கேட்டாராம். தாய் சம்மதிக்கவில்லை. "பிள்ளையக் காட்டுங்க, செய்யிறன்" என்ற ஒரே வசனம். மற்றப் பிள்ளைகள் களைத்துப்போய்விட்டார்கள். அந்த அம்மா எங்கள் வைத்தியசாலைக்கு மருந்தெடுக்க வருகிறவர். என் தோழி இன்ஸ்புருக்குக்கு வந்ததில் ஒரு நோக்கம் இருந்தது. நான் அந்த அம்மாவோடு கதைக்கவேண்டும், நான் சொன்னால் கேட்பார். "நீ டொக்டர். நாளாந்தம் செத்தவங்களுக்குக் கையெழுத்து வைக்கிற ஆள்" என்றாள். ரயிலால் இறங்கிய அன்றிரவே இதைச் சொல்லிவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அதே தேவாலயத்தில், பெரிய கல்லறையிலிருந்து சில அடி தூரத்தில், சுவரோரமாக இன்னொரு சமாதி இருக்கிறது. அந்திரியாஸ் ஹோஃபர். அவர் அரசர் இல்லை, பசையர் பள்ளத்தாக்கில் சத்திரம் நடத்தியவர். 1809இல் பவேரியருக்கும் நெப்போலியனின் படைகளுக்கும் எதிராகத் தீரோல் விவசாயிகளைத் திரட்டி, நகரத்துக்குத் தெற்கேயுள்ள பேர்கிசெல் குன்றில் சண்டைபோட்டு, சில கிழமை நாட்டை ஆண்டும் இருக்கிறார். பிறகு தோற்று, மலைக்குடிசை ஒன்றில் ஒளித்திருந்தவரைக் காட்டிக்கொடுத்தார்கள். 1810 பெப்ரவரி 20ஆம் திகதி இத்தாலியின் மாந்துவாவில் சுட்டுக் கொன்று அங்கேயே புதைத்தார்கள். 13 வருடம் கழித்து, 1823இல், தீரோல் படைப்பிரிவின் அதிகாரிகள் சிலர் அந்த வழியாகத் திரும்பும்போது, மேலிடத்தைக் கேட்காமல் இரவோடிரவாக அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்தான் அங்கே கிடக்கிறார்.

ஒரே கூரையின் கீழே, ஆள் இல்லாத பெரிய சமாதியும், ஆள் வந்து சேர்ந்த சின்னச் சமாதியும். தோழி இரண்டாவதின் முன்னால் போய் நின்றாள். "பாருகா, பெரியவனுக்கு எல்லாம் செஞ்சாங்க, அவன் இல்ல. இவருக்கு ஒண்டும் செய்யல்ல, ஆனா ஆள் இருக்கார்" என்றாள். பிறகு, "அம்மா இதைத்தான் சொல்றா போல" என்றாள். வெளியே வந்து கோப்பி குடித்தோம். அதைப்பற்றி அன்று மேலும் கதைக்கவில்லை.

அன்றிரவு காற்று மாறியது. மாலையில் ஒன்பது பாகை குளிரில் தொப்பி போட்டு நடந்த ஊரில், விடியும்போது ஜன்னலைத் திறந்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. மலைகள் கையெட்டும் தூரத்துக்கு வந்து நின்றதுபோலத் தெளிவு. ஹோட்டலில் காலை உணவு பரிமாறிய பெண் நெற்றியைத் தடவியபடி ஒரே சொல் சொன்னாள்: "ஃபோன்".

ஒன்பதாம் வகுப்புப் புவியியல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ரீச்சர் கரும்பலகையில் "ஃபோன் காற்று" என்று எழுதினார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "அதில ஆரோட கதைக்கலாம் ரீச்சர்?" அந்தக் குரலுக்குரியவர் இப்போது மண்டபத்தில் இருக்கிறார், நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஜேர்மன் மொழியில் தலைமயிர் காயவைக்கும் கருவிக்கும் இதே பெயர்தான் என்று அப்போது தெரிந்திருந்தால் வகுப்பே நடந்திராது.

காற்று ஈரத்தோடு இத்தாலிப் பக்கமிருந்து மலைமேல் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து முகிலாகி அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. முகில் உண்டாகும்போது வெப்பம் வெளிவருவதால், ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் அரைப் பாகையளவுதான் குளிர்கிறது. ஈரத்தைத் தொலைத்த காற்று இந்தப் பக்கம் இறங்கும்போதோ நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடாகிறது. ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது அதிகம் பெறுகிறது. அதனால்தான் பனிமலையிலிருந்து வரும் காற்று சுடுகிறது. அல்ப்ஸ் மலைத்தொடரைக் கடக்கும் பெரிய கணவாய்களில் மிகத் தாழ்ந்தது பிரென்னர், சுமார் 1,370 மீற்றர். இன்ஸ்புருக் அந்தக் கணவாயின் வாய்க்கு நேரே கிடப்பதால் ஃபோன் காற்றுக்கு அது பேர்போன ஊர். தலையிடி, நித்திரையின்மை, புருசன் பெண்சாதி சண்டை, எல்லாவற்றுக்கும் அங்கே காற்றைத்தான் குற்றம் சொல்வார்கள். மருத்துவ ஆய்வுகள் இதில் ஒரே முடிவைத் தரவில்லை. என் தலை இடித்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நெருப்பு விடயத்தில் சந்தேகமே இல்லை. 1861இல் சுவிற்சர்லாந்தின் கிளாருஸ் நகரம் ஃபோன் காற்றில் பற்றி எரிந்தது. இந்தக் காற்று வீசும்போது காவல் சுற்றுவது அங்குள்ள சில பள்ளத்தாக்குகளில் பழைய வழக்கம்.

நமக்கு இது புதிய காற்றா? ஆனி ஆடியில் மட்டக்களப்பில் வீசுகிற கச்சான் இதே காற்றுத்தான். கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலைநாட்டைக் கடந்து, வறண்டு சுட்டுக்கொண்டு நம்மூருக்கு இறங்குகிறது. (யாழ்ப்பாணத்து, கொழும்பு மருமக்களுக்கு: இது நீங்கள் கொறிக்கிற கச்சான் இல்லை.) காற்றியல் புத்தகங்களில் உலகத்தின் ஃபோன் வகைக் காற்றுகளின் வரிசையில் நம்முடைய கச்சானும் அந்தப் பெயராலேயே இடம்பெறுகிறது. விடுதிக் கட்டிலில் நனைத்த துவாயை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்த இரண்டு பேர், முப்பது வருடம் கழித்து, அல்ப்ஸ் மலையின் அடியில் அதே காற்றில் நின்றோம். தோழி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "வயல் எரிஞ்ச மணம் மட்டும்தான் இல்ல" என்றாள்.

காற்று பலமாயிருந்தால் மலைமேல் கம்பிவடக் கூண்டு ஓடாது. இரண்டு நாள் காத்திருந்து மூன்றாம் நாள் போனோம். நகர மத்தியில் நிலத்துக்குக் கீழே ஏறுகிறீர்கள். ஹங்கர்பேர்க்வரை ஒரு சரிவு ரயில். அதன் நிலையங்களை வடிவமைத்தவர் ஈராக்கில் பிறந்த ஸாஹா ஹடிட் என்ற பெண் கட்டடக் கலைஞர். 2007இல் திறந்தது. பனிக்கட்டி உருகி வழிவதுபோல வெண்பச்சைக் கண்ணாடிக் கூரைகள். பேர்கிசெல் குன்றிலுள்ள பனிச்சறுக்குப் பாய்ச்சல் கோபுரமும், 2002இல், அவர் கட்டியதே. அதன் உச்சியில் நிற்கும் வீரருக்கு நேர் எதிரே தெரிவது ஒரு மயானம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நகரம் 1964இலும் 1976இலும் குளிர்கால ஒலிம்பிக் நடத்தியது. 1964இல் பனியே பெய்யவில்லை. இராணுவத்தினர் மலையிலிருந்து 20,000 பனிக்கட்டிகளை வெட்டிச் சுமந்துவந்து பாதை போட்டார்கள்.

ஹங்கர்பேர்க்கிலிருந்து கம்பிவடத்தில் முதலில் சேகுரூபே, 1,905 மீற்றர். பிறகு ஹாஃபெலெகார், 2,256 மீற்றர். கடைத்தெருவிலிருந்து அங்கே போய்ச்சேரச் சுமார் அரை மணித்தியாலம். தெற்கே கீழே நகரம் முழுதும், விமான ஓடுபாதை உட்பட, ஒரு தட்டில் வைத்ததுபோல. வடக்கே திரும்பினால் மனித வாசனையே இல்லை. கார்வெண்டெல் மலைகளின் சாம்பல்நிறச் சுண்ணக்கல் முகடுகள் அடுக்கடுக்காகப் போகின்றன. ஒரு பெரிய நகரத்துக்கும் பூரண வனாந்தரத்துக்கும் நடுவே ஒரு கதவு மட்டும் இருப்பதுபோன்ற இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. சுவிஸில் இருபது வருடம் இருந்தும் தோழி மலையுச்சிக்கு ஏறியது இதுதான் முதற்தடவை. முதியோர் இல்லத்தில் மாறி மாறி வேலை, பிள்ளைகள், பிறகு பிள்ளைகளின் படிப்பு. "மலை எங்கட யன்னலுக்கு வெளியால நிக்குது. நான் அதுக்குக் கீழால பஸ்ஸுக்கு ஓடுறன்" என்றாள்.

சரிவெங்கும் வரிசையாக இரும்பு வேலிகள் நாட்டியிருந்தார்கள். மாட்டுக்கு அல்ல, பனிக்கு. பனிச்சரிவு தொடங்கும் இடத்திலேயே அதைப் பிடித்து நிறுத்துவதற்காக. தீரோலின் மேற்கே கால்டூர் என்ற கிராமத்தில் 1999 பெப்ரவரி 23ஆம் திகதி விழுந்த சரிவில் 31 பேரும், மறுநாள் பக்கத்து வால்சூரில் 7 பேரும் இறந்தார்கள். ஆபத்தில்லை என்று வரைபடத்தில் பச்சை அடித்திருந்த வீடுகளையும் அது கொண்டுபோனது. அதன் பிறகு கோடுகளை மாற்றி வரைந்தார்கள். பிரமாண்டமான தடுப்புச் சுவர் ஒன்றைக் கட்டி, அதற்குள்ளேயே அந்த நினைவுக்கு ஒரு கண்காட்சியும் வைத்திருக்கிறார்கள். 2004 மார்கழிக்குப் பிறகு நம் கரையில் இருநூறு மீற்றர் என்று அளந்ததையும், பிறகு அது குறைந்ததையும், அந்த அளவு எங்கே போனதென்று இன்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லாததையும் நினைத்துக்கொண்டேன். நாவலடியில் நிற்கிற நினைவுத்தூணை நாம் பராமரிக்கிறோம். கோட்டை யார் பராமரிக்கிறார்கள்?

மாநாட்டில் நான் கேட்கப்போனதும் பனியில் புதைந்தவர்களைப் பற்றித்தான். உடல் மிகவும் குளிர்ந்துபோனால் இதயம் நின்றபின்னும் மூளை சிலவேளை சேதமின்றி இருக்கும். நோர்வேயில் 1999இல் பனிக்கட்டிக்குக் கீழே சிக்கிய ஒரு பெண் வைத்தியரின் உடல்வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கியது. அவர் பிழைத்து, பிறகு வேலைக்கும் திரும்பினார். ஆகவே எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. உடலைச் சூடாக்கிய பிறகும் உயிர் இல்லையென்றால்தான் இறந்தார் என்று சொல்லலாம். அதற்கு முன் யாரும் கையெழுத்து வைக்கக்கூடாது. இதை நான் மருத்துவ மாணவர்களுக்குப் பலதடவை படிப்பித்திருக்கிறேன். இன்ஸ்புருக்கில் ஒரு மண்டபத்தில் அமர்ந்து அதைக் கேட்டபோது என் தோழியின் தாய்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

இன்ஸ்புருக்கின் இன்னொரு புகழ்பெற்ற நோயாளியையும் சொல்லாமல் விடமுடியாது. 1991 செப்ரெம்பர் 19ஆம் திகதி, ஒஸ்ரிய இத்தாலிய எல்லையில் 3,210 மீற்றர் உயரத்தில், மலையேறப்போன ஒரு ஜேர்மன் தம்பதி பனிக்குள்ளிருந்து ஓர் உடல் வெளியே தெரிவதைக் கண்டார்கள். வழிதவறி இறந்த யாரோ மலையேறி என்றே முதலில் நினைத்தார்கள். இன்ஸ்புருக் சட்ட வைத்தியப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் இறந்து சுமார் 5,300 வருடம்! ஊட்ஸி என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் கிடந்த இடம் இத்தாலிக்குள் 92.56 மீற்றர். ஆனாலும் 1998வரை இன்ஸ்புருக்கில்தான் ஆராய்ந்தார்கள், அதன்பிறகுதான் போல்சானோவுக்கு அனுப்பினார்கள். 2001இல் எடுத்த எக்ஸ்றே படத்தில் இடது தோளில் அம்புமுனை தெரிந்தது. மனிதர் குளிரில் சாகவில்லை, பின்னாலிருந்து எய்திருக்கிறார்கள். குடலில் சாட்டைப்புழு, இரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு, உடம்பில் 61 பச்சைக்கோடுகள். நடுத்தர வயதுக்காரர், மலையில் நடந்து திரிந்தவர், கொழுப்புச் சாப்பாட்டுக் கடை ஒன்றும் இல்லாத காலம், அப்படியும் இரத்தக்குழாய் படிவு! (செயலாளர் அக்கா, கொலஸ்ரரோல் பற்றி நான் இத்தோடு நிறுத்திவிட்டேன்.)

இந்தக் கதையை மலையிலிருந்து இறங்கும் கூண்டுக்குள் தோழிக்குச் சொன்னேன். அம்புவரை சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "ஐயாயிரம் வருசம் கழிச்சும் என்ன நடந்ததெண்டு கண்டுபுடிச்சிருக்காங்க, என்னகா?" ஓம் என்றேன். "அப்ப தேடினாத் தெரியவரும்." கூண்டு கீழே வந்து சேரும்வரை இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்து மூன்று கிழமையின் பின் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். வாவிக்கரையில் வீடு. நான் கிரியைபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைபேசியிலிருந்த படங்களைக் காட்டினேன். கறுத்த சிலைகளை நிதானமாகப் பார்த்தார். பெரிய கல்லறைக்குள் ஆள் இல்லை என்றதும், "பிறகென்னத்துக்கு இவ்வளவு பேர் நிக்கிறாங்க?" என்றார். சத்திரக்காரரின் சமாதியைக் காட்டி, தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். எத்தனை வருடம் கழித்து என்று கேட்டார். பதின்மூன்று என்றேன். விரலை மடித்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கி இடையில் விட்டுவிட்டார்.

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்துத் தந்தார். 2016இல் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் பதிந்து சான்றிதழ் கொடுக்கலாம். அதற்கான விண்ணப்பப் படிவம் அந்தக் கோவைக்குள் இருந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்து வருடக்கணக்காகிறது, பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. "இதில செத்ததெண்டு ஒரு இடத்திலயும் இல்லையா மகள்? வாசிச்சுச் சொல்லு" என்றார். மூன்று தரம் வாசித்துச் சொன்னேன். அதை நிரப்புவதற்கு உதவினேன். கையெழுத்தை அவரே வைத்தார். கிரியை வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. இரவு சூரிச்சுக்கு அழைத்துத் தோழியிடம் சொன்னபோது வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அவ கையெழுத்து வச்சாவா? தன்ட கையாலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஐரோப்பாவில் இருக்கிற பழைய மாணவிகள் பலர் இந்த மலரை வாசிப்பீர்கள் என்பதால் சில நடைமுறை விடயங்கள். சூரிச்சிலிருந்து நேரடி ரயிலில் சுமார் மூன்றரை மணித்தியாலம். வழியில் ஆர்ல்பேர்க் மலையைக் குடைந்த சுரங்கம் வரும், 1884இல் திறந்தது, பத்துக் கிலோமீற்றருக்கு மேல். சேலை கட்டிக்கொண்டு ஹாஃபெலெகார் போகலாம், ஆனால் காலுக்குச் சப்பாத்து வேண்டும், செருப்பு உதவாது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். இதய நோயோ கடுமையான ஆஸ்துமாவோ உள்ளவர்கள் உங்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், ஏறியதும் ஓடித் திரியவேண்டாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகக் கம்பிவடத்தைச் சில நாட்கள் நிறுத்துவார்கள், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு போனால் அல்பென்சூ மிருகக்காட்சிச்சாலையைத் தவறவிடாதீர்கள். அல்ப்ஸ் மலை மிருகங்கள் மட்டுமே உள்ள இடம். அங்கே தாடிக் கழுகு என்ற பறவையைப் பாருங்கள். எலும்பைத் தின்று வாழ்வது. அல்ப்ஸில் முற்றாக அழிந்துபோனதைக் கூண்டில் வளர்த்து, 1986இலிருந்து மறுபடியும் மலையில் விட்டார்கள். இப்போது அவை அங்கே தாமாகவே குஞ்சு பொரிக்கின்றன.

தேவாலயத்துக்குப் போகிறவர்கள் காலையில் போங்கள், கூட்டம் குறைவு. சத்திரக்காரரின் சமாதி உள்ளே நுழைந்ததும் கண்ணில் படாது. சிலைகளைப் பார்த்த வேகத்தில் பலர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.